ஏ1 கட்டத்துக்குப் போகாத யானை

2013 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. சென்னை அண்ணா சாலையில் உள்ள ஹயாத் ரீஜென்சி ஓட்டலில் உலக சதுரங்க சாம்பியன் பட்டத்துக்கான ஐந்தாவது ஆட்டம். கறுப்புக் காய்களுடன் விஸ்வநாதன் ஆனந்த், வெள்ளையில் மேக்னஸ் கார்ல்சன். 45-வது நகர்த்தல். பலகையின் நெடுக்கு வரிசைகளுக்கு ஏ முதல் ஹெச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு வெள்ளைப் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண். ஆனந்தின் யானை டி1 கட்டத்தில் நிற்கிறது. பக்கத்துக் கட்டமான சி1 போனால் வெள்ளை ராஜாவுக்குச் செக். இன்னும் இரண்டு கட்டம் தள்ளி ஏ1 போனால் செக் கிடையாது, ஏ3 கட்டத்தில் இருக்கும் ஒரு சாதாரணச் சிப்பாயைத் தாக்கும், அவ்வளவுதான்.

ஆனந்த் செக் வைத்தார். பதின்மூன்று நகர்த்தல் கழித்து, 58-வது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஏ1 போயிருந்தால் ஆட்டம் டிரா.

இந்த ஆட்டத்தையும் மறுநாள் நடந்த ஆறாவது ஆட்டத்தையும் நான் எத்தனை முறை பலகையில் வைத்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. முதலில் எல்லாரையும் போல அந்தக் கடைசித் தவறுகளைத்தான் பார்த்தேன். அப்புறம்தான் கேள்வி பின்னால் நகர ஆரம்பித்தது. 45-வது நகர்த்தலில் தவறு நடக்க வேண்டுமென்றால், அதற்கு முன்னால் 44 நகர்த்தல்கள் அந்த மாதிரி ஒரு நிலைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது எது? பதில் முதல் ஆறு நகர்த்தல்களில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எதிராளியின் பலத்தைத் தவிர்ப்பது

போட்டிக்கு முந்தைய நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆனந்துக்கு வயது 43, கார்ல்சனுக்கு 22. ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் தரப்புள்ளி ஆனந்துக்கு 2775, கார்ல்சனுக்கு 2870. மொத்தம் 12 ஆட்டங்கள். 2007 முதல் பட்டம் ஆனந்திடம்தான் இருந்தது. 2008-ல் பான் நகரில் கிராம்னிக்கையும், 2010-ல் சோஃபியாவில் தோபலோவையும், 2012-ல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டையும் வென்று அதைக் காப்பாற்றியிருந்தார்.

இதில் பான் போட்டியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை பெரும்பாலும் ராஜா சிப்பாயை நகர்த்தி ஆடத் தொடங்கும் ஆனந்த், அங்கே வெள்ளையில் ராணி சிப்பாயை நகர்த்தி கிராம்னிக்கைத் திகைக்க வைத்தார். கறுப்பில் செமி ஸ்லாவ் என்ற ஓபனிங்கின் (ஓபனிங் என்றால் ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் முறை) மெரான் என்ற கூர்மையான கிளையில், வீட்டில் தயாரித்து வைத்திருந்த புதிய யோசனையை மூன்றாவது ஆட்டத்திலும் ஐந்தாவது ஆட்டத்திலும் இறக்கி இரண்டையும் வென்றார். கறுப்புக் காய்களோடு, ஒரே ஓபனிங்கில், இரண்டு வெற்றி! கிராம்னிக் போன்ற ஒரு தடுப்பாட்டக்காரரிடம் அப்படி வெல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று சதுரங்கம் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். ஆனந்தும் அவரது குழுவும் மாதக்கணக்கில் உட்கார்ந்து தயாரித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

சென்னையிலும் ஆனந்துக்கு வலுவான குழு இருந்தது. பீட்டர் லேகோ, ராடோஸ்லாவ் வோய்தாஷெக், சந்தீபன் சந்தா, நம் ஊர் கிருஷ்ணன் சசிகிரண். பெயர்களைப் பத்திரிகையாளர் சந்திப்பிலேயே அறிவித்தார். கார்ல்சன் தன் குழுவில் யார் யார் என்று சொல்லவில்லை.

ஆனந்த் போன்ற ஒருவரோடு மோதும்போது ஓபனிங்கை எப்படித் தேர்ந்தெடுப்பது? அவரைவிட அதிகம் தயாரித்துக்கொண்டு வருவது ஒரு வழி. அதிலும் ஒரு சூதாட்டம் உண்டு, எதிர்த்தரப்பில் யாராவது ஒருவர் இன்னும் ஒரு படி ஆழமாகப் பார்த்திருந்தால் கதை முடிந்தது. கார்ல்சன் வேறு வழியை எடுத்தார். தயாரிப்புக்கு வேலையே இல்லாத இடத்தில் ஆட்டத்தைத் தொடங்குவது. ஓபனிங்கிலிருந்து அவர் சாதகத்தைக் கேட்கவில்லை. காய்கள் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் கொஞ்சம் குறை இருக்க வேண்டும், எதிராளி தானாகவே யோசித்தாக வேண்டிய நிலை 15-வது நகர்த்தலிலேயே வந்துவிட வேண்டும். அது போதும் அவருக்கு.

முதல் ஆட்டத்தில் அது பலிக்கவில்லை. வெள்ளையில் மெதுவாகக் குதிரையை எடுத்து ஆரம்பித்த கார்ல்சன் 16 நகர்த்தல்களில் டிராவுக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டாவது ஆட்டத்தில் காரோ கான் என்ற ஓபனிங், 25 நகர்த்தல்களில் டிரா. மூன்றாவதில் அதே மெதுவான தொடக்கம் கார்ல்சனுக்கே வினையானது. கறுப்பில் ஆனந்துக்குத்தான் நல்ல நிலை. பி2 சிப்பாயைத் துணிந்து எடுத்துப் பார்த்திருக்கலாம் என்று அப்போதே பலரும் சொன்னார்கள். அவர் எடுக்கவில்லை. 51 நகர்த்தல்களில் டிரா. நான்காவதில் பெர்லின் டிஃபென்ஸ் என்ற தடுப்பு ஓபனிங், 64 நகர்த்தல்கள், அதுவும் டிரா.

நான்கு ஆட்டம், நான்கு டிரா, 2-2 (வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரைப் புள்ளி). பத்திரிகைத் தலைப்பில் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் நகர்த்தல்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள்: 16, 25, 51, 64. ஆட்டங்கள் நீண்டுகொண்டே போகின்றன. கார்ல்சனுக்குப் பழகிய நிலத்துக்குப் போட்டி மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது ஆட்டம்: தியாகம் செய்யாத தியாக ஓபனிங்

ஐந்தாவது ஆட்டத்தின் தொடக்கம் எனக்கு ரொம்பப் பிடித்த ஓபனிங் தேர்வுகளில் ஒன்று. வெள்ளையின் நான்காவது நகர்த்தலில் கார்ல்சன் சிப்பாயை இ4 கட்டத்துக்குத் தள்ளுகிறார். கறுப்பு அதை எடுக்கிறது, வெள்ளைக் குதிரை திருப்பி எடுக்கிறது, கறுப்பு பிஷப் பி4 வந்து செக் வைக்கிறது. இது சிப்பாயைத் தியாகம் செய்து தாக்கும் மார்ஷல் கேம்பிட் என்ற ஓபனிங்குக்குப் போகும் பாதை. இங்கே பிஷப்பை டி2 கட்டத்தில் குறுக்கே வைத்து டி4 சிப்பாயைக் கொடுத்தால், கறுப்பு ராணி அதை எடுத்துக்கொண்டு பலகையின் நடுவே அலைய, வெள்ளை அதைத் துரத்த, பயங்கரமான ஆட்டம் வரும். அந்தப் பாதையில் புத்தகப் பக்கங்கள் ஏராளம். ஆனந்தின் குழு அதை அலசாமல் வந்திருக்க வாய்ப்பே இல்லை.

கார்ல்சன் தன் ஆறாவது நகர்த்தலில் குதிரையைத் திரும்ப சி3 கட்டத்துக்கே எடுத்துவிட்டார். தியாகமும் இல்லை, துரத்தலும் இல்லை. ஒரு நகர்த்தல் வீணான மாதிரிகூடத் தோன்றும், குதிரை போன இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அந்த ஒரு நகர்த்தலில் எதிராளியின் வீட்டுப்பாடக் குறிப்புகளில் பெரும்பகுதி பயனற்றுப்போனது. இனி இருவருக்கும் பலகைதான் கதி.

15-வது நகர்த்தலில் ராணிகள் வெட்டுப்பட்டன. அந்த நிலையை ஒரு படம் மாதிரி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் ஆறு ஆறு சிப்பாய்கள். இரு பக்கமும் இரண்டு யானைகள். கறுப்பிடம் இரண்டு பிஷப்கள், வெள்ளையிடம் ஒரு பிஷப்பும் ஒரு குதிரையும். கறுப்பின் ஏ, சி சிப்பாய்கள் தனித்தனியே நிற்கின்றன. வெள்ளையின் இ3 சிப்பாயும் அப்படித்தான், துணைக்கு ஆள் இல்லை. யாரைக் கேட்டாலும் சமநிலை என்றுதான் சொல்வார்கள். இரட்டைப் பிஷப் இருப்பதால் கறுப்பையே விரும்புகிறேன் என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள்.

அடுத்த ஏழு நகர்த்தல்களில் கார்ல்சன் அந்த இரட்டைப் பிஷப்பைக் கலைத்தார். பிஷப்பை எஃப்3 கொண்டுவந்து சி6 சிப்பாயை முறைத்தார். குதிரை இ4 வந்தது, சி சிப்பாய் முன்னேறியது, ஒரு சின்னக் கைகலப்பு நடந்து முடிந்தது. 22-வது நகர்த்தல் முடிந்தபோது இரு பக்கமும் இரண்டு யானை, ஒரு வெள்ளைக்கட்ட பிஷப், ஐந்து சிப்பாய். எண்ணிக்கை இப்போதும் சமம்தான்.

இந்த இடத்தில்தான் நான் நீண்ட நேரம் நிற்பேன். எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சிப்பாய்கள் நிற்கிற விதத்தைப் பாருங்கள். கறுப்பின் ஏ, சி, இ சிப்பாய்கள் மூன்றும் மூன்று தனித் தீவுகள். ஒன்றுக்கொன்று கை கொடுக்க முடியாது. ஒவ்வொன்றையும் காயால்தான் காக்க வேண்டும். வெள்ளைக்குத் தனியாக நிற்பது இ3 ஒன்றுதான், மற்றவை ஜோடி ஜோடியாக இருக்கின்றன. கணினியிடம் கொடுத்தால் வெள்ளைக்கு மிகச் சிறிய சாதகம் என்று சொல்லும், சரியாக ஆடினால் டிரா என்பதும் உண்மை. ஆனால் இனி வரும் ஒவ்வொரு நகர்த்தலிலும் வெள்ளை ஏதாவது ஒன்றைத் தொட்டுப் பார்க்கலாம், தொட்டது சரிப்படாவிட்டால் கையை எடுத்துக்கொள்ளலாம், ஒன்றும் கெட்டுவிடாது. கறுப்பு அப்படி இருக்க முடியாது. ஒவ்வொரு தொடுதலுக்கும் அது சரியான பதிலைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

சதுரங்கம் ஆடுகிறவர்கள் இதை 'இரண்டு முடிவு நிலை' என்பார்கள். வெள்ளை ஜெயிக்கலாம் அல்லது டிரா ஆகலாம்; கறுப்பு ஜெயிப்பது என்ற மூன்றாவது முடிவு நடைமுறையில் கிடையாது. டிரா ஆகக்கூடிய நிலைதான், அதில் சந்தேகமில்லை. அந்த டிராவைச் சம்பாதிக்க வேண்டிய பொறுப்பு முழுக்க ஒரே ஆள் தலையில் விழுகிறது.

கார்ல்சன் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். யானை எஃப்4 போனது, எஃப்3 திரும்பியது. இன்னொரு யானை பின்னால் வந்து நின்றது. பிஷப் சி2 பின்வாங்கியது. 28-வது நகர்த்தலில் யானை எஃப்6 நுழைந்தது. ராஜா டி2, சி3, பி2 என்று தானே நடந்து போய் ராணிப்பக்கச் சிப்பாய்களைக் காத்தது. இதில் எந்த நகர்த்தலும் மிரட்டலாக இல்லை. ஆனந்தும் நன்றாகவே பதில் சொன்னார். ஜி, ஹெச் சிப்பாய்களை முன்னால் தள்ளி இடம் பிடித்தார், பிஷப்பை டி1 வரை அனுப்பி பி3 சிப்பாயைக் குறிவைத்து எதிர்த்தாக்குதல் எடுத்தார். 40-வது நகர்த்தலில் கார்ல்சன் யானையால் ஜி5 சிப்பாயை எடுக்க, ஆனந்த் பி3 சிப்பாயை எடுத்து யானைகளை வெட்டிக்கொண்டார். தூசி அடங்கியபோது வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஆனாலும் டிராவுக்குப் பாதை இருந்தது.

அந்தப் பாதைதான் ஏ1. யானை அங்கே போயிருந்தால் வெள்ளையின் ஏ சிப்பாய்க்குப் பின்னால் நின்றிருக்கும். எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தின் பாடத்தில் முதல் வாரமே சொல்லித்தருவது இது: எதிராளியின் ஓடப்போகும் சிப்பாய்க்கு, அதாவது கடைசி வரிசைக்குப் போய் ராணியாகக்கூடிய சிப்பாய்க்கு, பின்னால் உன் யானையை வை. ஆனால் 45-வது நகர்த்தலில் ஏ3 சிப்பாய் ஓடப்போகும் சிப்பாயாகத் தெரியவில்லை! அதற்கு முன்னால் ஏ4 கட்டத்தில் கறுப்புச் சிப்பாய் நிற்கிறது, பி3 கட்டத்தில் கறுப்பு பிஷப் அந்தச் சிப்பாயைக் காத்துக்கொண்டிருக்கிறது. அடைத்த கதவு மாதிரி இருக்கிறது அந்தப் பக்கம். செக் வைத்து, வெள்ளை ராஜா பி2 போன பிறகு யானையை ஜி1 கொண்டுபோய் ஜி2 சிப்பாயைத் தாக்குவதுதான் கைக்கு இயல்பாக வரும்.

ஆனந்த் அப்படித்தான் செய்தார். கார்ல்சன் இரண்டு செக் வைத்து கறுப்பு ராஜாவைப் பின்னால் தள்ளிவிட்டு, பி3 கட்டத்தில் பிஷப்களை வெட்டிக்கொண்டார். ஏ4 சிப்பாய் பிஷப்பைத் திருப்பி எடுக்கப் போனதும் ஏ பாதை திறந்துவிட்டது. அடைத்த கதவு என்று நாம் நினைத்தது நான்கே நகர்த்தலில் நெடுஞ்சாலை. ஏ4, ஏ5, ஏ6, ஏ7 என்று சிப்பாய் நடந்தது. 58-வது நகர்த்தலில் வெள்ளை ஹெச் சிப்பாயையும் தள்ளியபோது, இரண்டு ஓரத்திலும் இரண்டு சிப்பாய்களைச் சமாளிக்கக் கறுப்பால் முடியவில்லை.

22-வது நகர்த்தலில் தொடங்கி 45 வரை ஆனந்த் இருபதுக்கு மேற்பட்ட தேர்வுகளில் தேறினார். ஒன்றில் தவறினார். அவ்வளவுதான் நடந்தது. இதை ஆனந்தின் வீழ்ச்சி என்று எழுதினவர்கள் மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அந்த நிலையில் கறுப்பில் உட்கார்ந்து பாருங்கள், பத்து நகர்த்தல் தாங்கமாட்டீர்கள்.

மறுநாள்

ஓய்வு நாள் இல்லை. நவம்பர் 16 சனிக்கிழமையே ஆறாவது ஆட்டம், இப்போது ஆனந்துக்கு வெள்ளை. ஒரு தோல்விக்கு அடுத்த நாள் வெள்ளையில் என்ன ஓபனிங் ஆடுவது என்ற கேள்வி எந்த ஊர்ப் போட்டியில் ஆடுகிற சிறுவனுக்கும் வரும். உலக சாம்பியனுக்கும் அதே கேள்விதான்.

ராஜா சிப்பாயைத் தள்ளினார், ரூய் லோபஸ் ஓபனிங். கார்ல்சன் மீண்டும் பெர்லின். 2000-ல் லண்டனில் கிராம்னிக் இதே பெர்லினைப் பிடித்துக்கொண்டு காஸ்பரோவை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவிடாமல் பட்டத்தைப் பறித்த நாளிலிருந்து, வெள்ளைக்கு இது ஒரு தலைவலி. முக்கியப் பாதையில் எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் போய்விடும். கறுப்பு ராஜா கோட்டை கட்டி ஓரத்தில் ஒதுங்க முடியாமல் நடுவில் நிற்கும், ஆனாலும் உடைக்க முடியாது. நான்காவது ஆட்டத்தில் ஆனந்த் அந்தப் பாதையில் போய்ப் பார்த்தார். கார்ல்சன் பிஷப்பால் ஏ2 சிப்பாயைக் கொத்திக்கொண்டு போய், அந்த பிஷப் மாட்டிக்கொள்ளுமோ என்று எல்லாரும் பார்த்திருக்க, தப்பித்தும் வந்துவிட்டார்.

அதனால் ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் நான்காவது நகர்த்தலில் சிப்பாயை டி3 வைத்தார். ராணி வெட்டைத் தவிர்த்து, காய்களைப் பலகையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சூழ்ச்சி செய்யும் பாதை. தேர்வில் தவறு இல்லை. ஆனால் கவனியுங்கள், இதுவும் மெதுவான நிலம்தான். முந்தின நாள் எந்த மாதிரி ஆட்டத்தில் எதிராளி ஜெயித்தாரோ, அதே மாதிரி ஆட்டத்துக்குத் தன் வெள்ளைக் காய்களோடு அவரே நடந்து போகிறார்.

காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டன. 23-வது நகர்த்தலில் கார்ல்சன் இ3 கட்டத்தில் இருந்த குதிரையை பிஷப்பால் எடுத்தார், ஆனந்த் எஃப் சிப்பாயால் திருப்பி எடுத்தார். வெள்ளைக்கு இ வரிசையில் முன்னும் பின்னுமாக இரண்டு சிப்பாய்கள். எஃப் வரிசை திறந்திருப்பதால் யானைக்கு வேலை உண்டு, அதனால் இதையும் சமநிலை என்றே சொல்லலாம். ஆனால் முந்தின நாள் கேட்ட கேள்வியை இங்கேயும் கேளுங்கள்: யார் தொட்டுப் பார்க்கப் போகிறார்கள், யார் காக்கப் போகிறார்கள்? இ4, இ3 இரண்டும் காக்கப்பட வேண்டியவை. 31-வது நகர்த்தலில் கறுப்பு யானை இ5 வந்து நின்றது. ராணி பின்னாலிருந்து உதவிக்கு வந்தது. வெள்ளை ராணி எஃப்3, ஜி4, எஃப்4, மறுபடி எஃப்3 என்று அலைந்தது.

38-வது நகர்த்தலில் ஆனந்த் பொறுமையாகக் காத்துக்கொண்டிருப்பதை நிறுத்தினார். ராணியை ஜி3 வைத்து, இ சிப்பாய்கள் இரண்டையும் கொடுத்து டி6 சிப்பாயை எடுத்துக்கொண்டு, ராணிகளை வெட்டி, ஒரு சிப்பாய் குறைவான யானை எண்ட்கேமுக்குள் போனார். யானை எண்ட்கேம் எல்லாமே டிரா என்று சதுரங்கத்தில் பழைய சொல் ஒன்று உண்டு. இந்த எண்ட்கேமும் கணக்குப்படி டிராதான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து ஹெச் சிப்பாயையும் கொடுத்தார், பதிலுக்குக் கறுப்பின் பி5, சி4 சிப்பாய்களைப் பிடித்தார்.

இந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் புரிந்துகொள்ள வேண்டும். செயலற்றுக் காத்திருக்கும் வேதனையைவிட, ஒரு சிப்பாயைக் கொடுத்தாவது கணக்கு போடக்கூடிய, தெளிவான நிலைக்குப் போய்விடுவது மேல் என்று தோன்றும். முந்தின நாள் மணிக்கணக்கில் காத்து நின்ற மனிதருக்கு அது இன்னும் பலமாகத் தோன்றியிருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் நீண்ட நேரம் காத்து ஆடியவர்கள் எல்லாருக்கும் அந்த உந்துதல் தெரியும்.

கார்ல்சன் ராஜாவை ஜி5, எஃப்4, இ3 என்று பலகையின் நடுவே நடத்திக்கொண்டு போனார். 59-வது நகர்த்தலில் ஆனந்த் சி4 சிப்பாயை எடுத்தார், கறுப்பு எஃப் சிப்பாய் எஃப்4 வந்தது. இப்போது பந்தயம். வெள்ளையிடம் பி, சி சிப்பாய்கள் ராணிப்பக்கம், கறுப்பிடம் எஃப் சிப்பாய். அந்த நொடியில் பி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி பி4 வைத்திருந்தால் டிரா. ஆனந்த் யானையை ஏ4 நகர்த்தினார். கார்ல்சன் ஹெச் சிப்பாயை ஹெச்3 தள்ளித் தியாகம் செய்தார், வெள்ளை ஜி சிப்பாய் அதை எடுக்க, கறுப்பு யானை ஜி6 பின்வாங்கியது. ஜி வரிசை முழுக்க அடைபட்டது. ஹெச் வரிசையில் மாட்டிக்கொண்ட வெள்ளை ராஜாவால் எஃப் சிப்பாயிடம் வர முடியவில்லை. நான்கு நகர்த்தல் கழித்து பி4 வந்தது, அதே சிப்பாய், அதே கட்டம். ஆனால் தாமதம். 67-வது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. 4-2.

ஐந்தாவது ஆட்டத்தில் யானை செக் வைக்கப் போனது, ஆறாவது ஆட்டத்தில் யானை பக்கவாட்டில் போனது. இரண்டு இடத்திலும் தேவைப்பட்டது ஓரத்துச் சிப்பாய்களைப் பற்றிய ஒரு அமைதியான கணக்கு. இரண்டும் ஓபனிங் முடிந்து முப்பது, நாற்பது நகர்த்தல் கழித்து.

பட்டம் போன விதம்

மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஏழும் எட்டும் பெர்லின், டிரா. ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்துக்கு ஜெயித்தே ஆக வேண்டிய நெருக்கடி. ராணி சிப்பாய்த் தொடக்கம், நிம்சோ இந்தியன் ஓபனிங்கில் சிப்பாயை எஃப்3 வைத்து நேரடித் தாக்குதல். தன் இயல்புக்கேற்ற ஆட்டத்தை அன்று அவர் அடைந்தார். கறுப்பு ராஜா மேல் காய்கள் குவிந்தன. ராணிப்பக்கத்தில் கார்ல்சனின் சிப்பாய் பி1 போய் ராணியாகிச் செக் வைத்தபோது, பிஷப்பை எஃப்1 வைத்திருந்தால் ஆட்டம் தொடர்ந்திருக்கும். குதிரையை வைத்தார், 28-வது நகர்த்தலில் தோற்றார். அடுத்த நாள் 65 நகர்த்தல் டிராவோடு 6.5-3.5. நவம்பர் 22 அன்று கார்ல்சன் உலக சாம்பியன்.

ஒன்பதாவது ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. அந்த மாதிரி ஓபனிங் நான்காவது, ஆறாவது ஆட்டங்களிலேயே வந்திருக்கக் கூடாதா? தோற்றிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்பவராக இருந்து தோற்றிருப்பார்.

பிள்ளைகளோடு செய்து பார்க்கும் பயிற்சி

தெருவில் சில பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித்தருகிறேன். "சமமாத்தானே இருக்கு சார், டிரா கேக்கட்டுமா?" என்று யாராவது கேட்கும்போது ஐந்தாவது ஆட்டத்தின் 22-வது நகர்த்தல் நிலையைப் பலகையில் அடுக்குவேன். இரண்டு பேர் உட்கார்ந்து ஆட வேண்டும், பிறகு நிறம் மாற்றி மறுபடி ஆட வேண்டும். டிரா கேட்கக் கூடாது. முதல் தடவை வெள்ளையில் இருப்பவன் என்ன செய்வது என்று தெரியாமல் விழிப்பான். யானையை இங்கும் அங்கும் நகர்த்துவான். அதுவே போதும் என்று அப்புறம்தான் தெரியவரும், எதிரே இருப்பவன் ஏழெட்டு நகர்த்தலுக்குள் ஏதாவது ஒரு சிப்பாயைக் காக்க மறந்திருப்பான். நிறம் மாறியதும் கதையும் மாறும். கறுப்பில் உட்கார்ந்த அதே பிள்ளை பத்து நிமிடத்தில் நெளிய ஆரம்பித்துவிடும்.

இரண்டு ஆட்டம் முடிந்த பிறகு ஓபனிங்குக்குப் போவோம். எந்த ஓபனிங் சிறந்தது என்று நான் சொல்வதில்லை. அவர்கள் வழக்கமாக ஆடும் ஓபனிங்கை 15-வது நகர்த்தல் வரை வைக்கச் சொல்வேன். பிறகு காய்களை எண்ணாமல் மூன்று விஷயம் பார்க்கச் சொல்வேன். எந்தச் சிப்பாய்க்குப் பக்கத்தில் துணை இல்லை? ராணிகள் வெட்டுப்பட்டால் யாருக்கு நிம்மதி? ஒன்றுமே செய்யாமல் ஐந்து நகர்த்தல் காத்திருந்தால் யாருக்குக் கெடும்? மூன்றாவது கேள்விக்கு "எனக்குத்தான்" என்று பதில் வந்தால், அந்த ஓபனிங்கைப் பற்றி யோசிக்க வேண்டும். கூர்மையான தாக்குதலில் மகிழ்ச்சியோடு கணக்கு போடும் ஒரு பெண்ணுக்குப் பெர்லினைச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? பொறுமையாக உட்காரும் பையனுக்கு மார்ஷல் கேம்பிட் எதற்கு?

எல்லாச் சமநிலையையும் இழுத்துக்கொண்டே போக வேண்டும் என்றும் இல்லை. இரு பக்கமும் சிப்பாய்கள் நேருக்கு நேர் முட்டி நின்று, எந்த வரிசையும் திறக்க வழியில்லாமல், காக்க வேண்டிய பலவீனமும் இல்லாவிட்டால், கை குலுக்கிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குத் தூங்கப் போவது நல்லது. முதல் ஆட்டத்தில் கார்ல்சனும் 16 நகர்த்தலில் அதைத்தான் செய்தார். எதை விடுவது, எதை இழுப்பது என்று பிரிக்கத் தெரிவதுதான் இங்கே திறமை.

இழுக்க முடிந்ததை அவர் எவ்வளவு தூரம் இழுப்பார் என்பதை 2021-ல் துபாயில் உலகம் பார்த்தது. பட்டத்துக்கு மோதிய நெபோம்னியாஷிக்கு எதிரான ஆறாவது ஆட்டம் 136 நகர்த்தல்கள், உலக சாம்பியன் போட்டி வரலாற்றிலேயே நீளமானது. 1978-ல் கோர்ச்னாயும் கார்ப்போவும் ஆடிய 124 நகர்த்தல் ஆட்டத்தை அது தாண்டியது. அதுவரை ஐந்து ஆட்டமும் டிரா. அன்று கார்ல்சன் ஜெயித்த பிறகு அந்தப் போட்டி பழைய போட்டியாக இல்லை.

ஆனந்தின் கதையும் சென்னையோடு நின்றுவிடவில்லை. 2014 மார்ச்சில் கான்டி மான்சிஸ்க்கில் நடந்த தகுதிப் போட்டியை ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வென்று, அதே ஆண்டு நவம்பரில் சோச்சியில் மறுபடி கார்ல்சன் எதிரே உட்கார்ந்தார். மூன்றாவது ஆட்டத்தில் வெள்ளை. ராணி சிப்பாய்த் தொடக்கம், குவீன்ஸ் கேம்பிட் ஓபனிங், பிஷப் எஃப்4. ஏழாவது நகர்த்தலில் சி சிப்பாய் சி5, பதின்மூன்றில் சி6, பதினான்கில் சி7! கறுப்பின் கூடாரத்துக்குள் ஒரு சிப்பாய் முளையடித்த மாதிரி நின்றுகொண்டது. இந்தத் தடவை ஒவ்வொரு நகர்த்தலிலும் அந்தச் சிப்பாயை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியவர் கார்ல்சன். அவரும் பல நகர்த்தல் தாக்குப்பிடித்து, பிஷப்பை ஏ5 கொண்டுவந்து, கடைசியில் 29-வது நகர்த்தலில் அந்தச் சிப்பாயைப் பிடுங்கியும் எறிந்தார். அதற்குள் மற்ற இடமெல்லாம் சரிந்திருந்தது. 34-வது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டார்.